கேர் ஆஃப் இருந்தால் அழி

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். எங்கள் எஸ்டேட் மேனேஜர் செத்துப் பல வருஷம் ஆகிறது. நான் அவரைப் பற்றி நல்லதாகப் பேசப்போவதில்லை. என்னைப் பற்றியும் இதில் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. அதனால் அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசி. சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் ஆபீசில் எனக்கு வேலை. அப்பா அதே எஸ்டேட்டில் வாட்ச்மேன். எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில்தான் இருந்தோம். அப்பாவுக்கு வேலை போனால் வீடும் போகும். நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி, வாரத்தில் இரண்டு நாளாவது பஸ் ஜன்னலில் வாந்தி எடுத்துப் படித்த படிப்பு. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மேனேஜர் அதன் எதிரில் நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

காலையில் முதல் வேலை ஈமெயில் எடுப்பது. முதலாளி பெங்களூரில் இருந்தார். அவரும் காபி வாங்கும் வியாபாரிகளும் மெயில் எழுதுவார்கள். அது மலைக்குக் கீழே ஈமெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் வந்து காத்திருக்கும். நான் போன் லைனில் மோடத்தைக் கத்தவிட்டு, ஒவ்வொன்றாக மேலே இறக்கிக்கொள்ள வேண்டும். பனி மூடிய நாளில் லைன் கரகரக்கும். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

இந்த லட்சணத்தில் குப்பை மெயில் வேறு. மண்டையில் முடி வளர வேண்டுமா, அமெரிக்காவில் வீடு கட்டக் கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது வாங்கிக்கொள்கிறீர்களா என்று தினமும் இருபது முப்பது. எடை குறைக்க மாத்திரை என்று ஒன்று விடாமல் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் குறைப்பதற்கு யாரிடமும் எடை இல்லை. இன்னும் சில, வாயால் சொல்ல முடியாதவை. ஒருநாள் மாதா கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுச் சாமியார் வந்து உட்கார்ந்திருந்தபோது, பாதி உடம்பு தெரிய ஒரு வெள்ளைக்காரி கம்ப்யூட்டரில் மெல்ல மெல்ல இறங்கினாள். மேனேஜர் காலண்டரைக் கழற்றி அதன்மேல் வைத்து மூடினார். அன்று மாலையே எனக்கு உத்தரவு: இந்த அசிங்கம் இனி ஆபீசுக்குள் வரக் கூடாது.

அப்படித்தான் நான் ரூல் எழுத ஆரம்பித்தேன். மெயில் புரோகிராமில் அதற்கு ஓர் இடம் இருந்தது. தலைப்பில், அதாவது சப்ஜெக்டில், இன்ன வார்த்தை இருந்தால் இன்னது செய் என்று நாமே எழுதி வைக்கலாம். 'லாட்டரி' இருந்தால் தள்ளு. 'லோன்' இருந்தால் தள்ளு. டாலர் குறி இருந்தால் தள்ளு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வந்து விழும் குப்பையைப் பார்த்துப் பார்த்து நானே எழுதினேன். அவர்கள் வார்த்தைக்கு நடுவில் புள்ளி வைத்து ஏமாற்றப் பார்த்தால், புள்ளி வைத்த வார்த்தைக்கும் ஒரு ரூல். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆபீசில் நான் சொன்னதை ஏனென்று கேட்காமல் செய்தது அந்த ரூல்கள் மட்டும்தான்.

'ஃப்ரீ' என்ற வார்த்தைக்குப் போட்ட ரூல் என்னைக் கவிழ்த்தது. முதலாளி ஒரு மெயில் அனுப்பியிருந்தார்: இந்த ஞாயிறு ஃப்ரீ, எஸ்டேட்டுக்கு வருகிறேன். தலைப்பிலேயே 'ஃப்ரீ' இருந்ததால் அது இலவச மாத்திரைகளோடு சேர்ந்து போய்விட்டது. ஞாயிறு காலை முதலாளியின் கார் வந்து நின்றபோது மேனேஜர் தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, பங்களா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை எனக்கு விழுந்த திட்டை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. ஆனால் அதில் நான் இரண்டு பாடம் கற்றேன். ஒன்று, ரூல்கள் மேலிருந்து கீழே வரிசையாக ஓடும். ஆகவே முதலாளியின் விலாசத்திலிருந்து வருவதைத் தொடாதே என்று எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரூல். இரண்டு, எதையும் அழிக்காதே. 'குப்பை' என்று ஒரு மூலையில் ஒதுக்கி வை, சனிக்கிழமை ஒருமுறை கிளறிப் பார். விசாரிக்காமல் யாரையும் தூக்கில் போடக் கூடாது.

இரண்டாவது பாடத்தை மேனேஜர் இரண்டு மாதம்கூட விட்டுவைக்கவில்லை. "குப்பைய எதுக்கு ஊட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டிட்டு அப்பறம் கூட்டற? கீழயே அழிச்சுப்போட முடியாதா?" என்றார். முடியும். மெயிலை இறக்காமலே, தலைப்பை மட்டும் பார்த்து, கீழே கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே அழிக்க வழி இருந்தது. அப்படி அழித்தால் சுவடே இருக்காது. வந்ததா என்றுகூடத் தெரியாது. நாற்பது ரூலையும் அப்படி மாற்றிக் கொடுத்தேன்.

இனி கேர் ஆஃப் விஷயம். எஸ்டேட் ஜனங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் எல்லாம் 'கேர் ஆஃப் எஸ்டேட் ஆபீஸ்' என்றுதான் வரும். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்ததும், ஆள் பேர் எழுதும் ரைட்டர் தபால் பையைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். அரபு நாட்டுக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன எங்கள் பையன்கள் அங்கே ஈமெயில் என்று ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டார்கள். சொந்தமாகவோ, கூட இருப்பவனிடம் இரவல் வாங்கியோ ஏதோ ஒரு விலாசத்திலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தார்கள். லெட்டர் எப்படிக் கேர் ஆஃபில் வந்ததோ, அதே மாதிரி மெயிலும். அவர்களைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை.

குப்பைக்கு நடுவில் அவற்றைத் தேடி எடுக்கச் சிரமமாக இருந்தது. நான்தான் எல்லோருக்கும் பதில் எழுதினேன்: சப்ஜெக்டில் முதலில் கேர் ஆஃப் என்பதற்கான இரண்டு எழுத்தும் நடுவில் சாய்ந்த கோடும் போடு, பிறகு அம்மா பேரைப் போடு. பையன்கள் சொன்னபடி செய்தார்கள். சனிக்கிழமை நான் அவற்றைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு காபி காயப்போடும் களத்துக்குப் போவேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பார்கள், படிப்பதற்குள் வாய் சுளுக்கிக்கொள்ளும். பெண்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஒருத்தி மகனின் சங்கதி எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதைப் பற்றி ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை.

அவர்களில் ஒருவர் எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருந்தவர். காபி பழம் பறிக்கும் வேலை. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். மகன் அரபு நாட்டில் கட்டட வேலை. மகள் அம்மாவோடு பழம் பறிக்கப் போவாள், என்னை அக்கா என்பாள். எனக்கு அவர் பெரீம்மா. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவர் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, அவனுக்கு இப்பிடி எழுது. பாப்பாவுக்கு ஒரு எடம் வந்துருக்குது. மாப்பிள்ளை சேலத்துக்காரரு, அங்க உன்ற ஊர்லதான் வேலை பாக்கறாராம். லீவுல வந்துருக்கறாரு. நல்லா விசாரிச்சுச் சொல்லு சாமி. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். தவக்காலம் வந்தா கல்யாணம் கெடையாது, அதுக்கு முன்னால முடிக்கோணும்னு அவிய நொம்ப அவசரப்படறாங்க. ஒண்ணும் எழுதலீன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்."

நான் அப்படியே அடித்து, அவர் கண் முன்னால் அனுப்பினேன். அவன் முந்தின மெயில் எந்த விலாசத்திலிருந்து வந்ததோ அதே விலாசத்துக்கு.

அதற்கடுத்த திங்கட்கிழமை மேனேஜர் ஒரு வியாபாரியின் மெயிலுக்காக என் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இறங்கியதெல்லாம் கேர் ஆஃப். பொங்கல் வருகிறதல்லவா, பையன்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஆறாவது இறங்கும்போது லைன் அறுந்தது.

"இது எஸ்டேட் ஆபீசா, போஸ்ட் ஆபீசா?"

நான் மறுபடி டயல் செய்தேன்.

"இந்தக் கேர் ஆஃப் வந்தா அதையும் கீழயே அழிச்சுப்போடு. அதுக்கும் ஒரு ரூல் எழுது."

"சார், அது ஜனங்க லெட்டருங்க சார்."

"சம்பளம் குடுக்கறதுக்கு ஆபீசு. அவனவன் ஊட்டுக் கதைய எறக்கறதுக்கு இல்ல."

"அப்படின்னா அவங்ககிட்டச் சொல்லிடறேனுங்க சார். இனிமே எழுத வேண்டாம்னு."

"சொன்னா கூட்டமா வந்து நிப்பாங்க. கேட்டா வரலைன்னு சொல்லு. நாலு வாரம் வரலைன்னா அவங்களே விட்டுருவாங்க. உங்கப்பன் எப்பிடி இருக்கறான், ராத்திரிக் காவல்ல தூங்கறானாமே?"

அப்பா தூங்குகிறவர் அல்ல. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவர் சொன்ன ரூலை எழுதினேன். சப்ஜெக்டில் கேர் ஆஃப் இருந்தால் அழி. அரை நிமிஷ வேலை. நான் அவர்களுக்குக் கொடுத்த அடையாளம்தான், அதை வைத்தே அடையாளம் கண்டு அழித்தேன். வேறு எந்த ரூலும் அத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை. ஏனென்றால் குப்பை அனுப்புகிறவன் தினம் ஒரு வேஷம் போடுவான். எங்கள் பையன்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதினார்கள்.

மேனேஜர் சாப்பிடப் போனதும் நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். பெரீம்மா மகனின் விலாசத்திலிருந்து வந்தால் தொடாதே என்று, கேர் ஆஃப் ரூலுக்கு மேலே ஒரு ரூல் போட்டேன். முதலாளிக்குப் போட்ட மாதிரியே. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. இனிமேல் கேர் ஆஃப் போடாதே என்று அவனுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. ரூலைத் தவிர வேறெதுவும் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. மற்ற வீட்டுப் பையன்களுக்கு இந்தச் சாமர்த்தியம்கூட இல்லை. அவர்கள் எழுதியது அழியட்டும் என்று விட்டேன்.

முதல் சனிக்கிழமை களத்தில் எல்லோரும் கேட்டார்கள். "வரலைங்க," என்றேன். பெரீம்மாவும் கேட்டார். அவருக்கு மட்டும் அது உண்மை என்று நினைத்துக்கொண்டு, அவரிடமும், "வரலைங்க பெரீம்மா," என்றேன்.

மறுநாள் கோயிலில் பெரீம்மா மகளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் பேசி முடித்தால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். இதற்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரியுமா என்று கேட்பார், தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பார். அதுதான் ஓலை. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் நான் இருந்தேன். எனக்கு முன்னால் பெரீம்மாவும் மகளும். அவள் வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். அவள் காதுக்குப் பின்னால் காபிச் செடி கீறிய தழும்பு ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமையும் வரவில்லை. இரண்டாவது ஓலை. அம்மா எழுதி மூன்று வாரம் ஆகியும் பதில் எழுதாத பையன் இல்லை அவன். எனக்கு உறுத்தியது. திங்கட்கிழமை ஆபீசில், கேர் ஆஃப் ரூலுக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்து, ரூலை நிறுத்திவிட்டு ஒருநாள் மட்டும் பார்த்தால் என்ன என்று மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். ஜீப்பில் வந்தது மேனேஜர்கூட இல்லை, உரமூட்டை கொண்டுவந்த டிரைவர். ஆனாலும் மறுபடி வைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் மேனேஜரை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அந்த டிரைவர் இறங்கிப் போன பிறகு அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மூன்றாவது ஓலையும் ஆயிற்று. யாரும் எழுந்து எதுவும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை கல்யாணம். அவள் தலையில் மல்லிகையை வைத்துவிட்டது நான். எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை ரைட்டர் பெரீம்மா பேரைக் கூப்பிட்டார். ஓரத்தில் சிவப்பும் நீலமும் பட்டை போட்ட ஏர்மெயில் கவர். பெரீம்மா அதை வழக்கம்போல என்னிடம் கொடுத்தார். கல்யாண வாழ்த்து என்று நினைத்துச் சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்த முடியவில்லை.

அம்மா, அந்த ஆளுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கிறாள். வெளி மாநிலத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து ஒரு குழந்தையும் இருக்கிறது. அவனோடு ஒரே அறையில் இருந்தவனிடம் போட்டோவையே பார்த்தேன். வேண்டாம் என்று மூன்று மெயில் போட்டேன். எனக்கு விலாசம் இரவல் கொடுத்தவன் ஊருக்குப் போய்விட்டதால் வேறு ஒருத்தன் விலாசத்திலிருந்து போட்டேன். ஆபீஸ் அக்கா சொன்னபடி மேலே கேர் ஆஃப் போட்டு உன் பேரும் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் லெட்டர் எழுதுகிறேன். கல்யாணத்தை நிறுத்து.

பெரீம்மா என் கையிலிருந்த காகிதத்தைத் தொட்டார்.

"மூணு தடவ போட்டன்னு சொல்றானே கண்ணு. உன்ற பொட்டில வரலையா?"

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுற்றி நின்ற ஒவ்வொருத்திக்கும் ஒரு மகன் இருந்தான். ஒவ்வொருத்தியிடமும் நான் வரலைங்க என்று சொல்லியிருந்தேன்.

"வரலைங்க பெரீம்மா," என்றேன்.

சொன்னது பொய்யா? மெயில் எதுவும் வரவில்லைதான். வராதபடி நான் செய்திருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அதுக்கு ஆபீசு என்ன பண்ணும்? சாமியாருக்கே தெரியாதது நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். நான் என் இடத்துக்கு வந்து கேர் ஆஃப் ரூலை அழித்தேன். அவரைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை கேர் ஆஃப் மெயில்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அவர் ஒருநாளும் கவனிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அந்த ரூல் தேவையே பட்டதில்லை. அன்று லைன் அறுந்த எரிச்சல், அவ்வளவுதான்.

ஆடி மழையில் அந்தப் பெண் தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முதல் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கே வந்துவிட்டாளாம். மறுவாரமே அம்மாவோடு களை எடுக்கப் போனாள். என்னைப் பார்த்தால் அதே மாதிரி அக்கா என்றாள்.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. பெரீம்மா மகன்மேல் கோபமாகிவிட்டார். "எழுதியிருந்தா வந்துருக்காதா? மத்த ஜனம் பொய் சொல்லும், அந்தப் பொட்டி பொய் சொல்லுமா? சோம்பேறி நாயி, விசாரிக்காம கெடந்துட்டு இப்பக் கதை கட்டறான்," என்றார். அவன் எழுதிய லெட்டர்களைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார். ஒன்றைக்கூட என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. தங்கையைக் காப்பாற்ற மூன்று முறை எழுதினவன் அந்த வீட்டில் பொய்யன் ஆனான். பொய் சொன்ன நான் அந்த வீட்டில் பொங்கல் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் போயிற்று. அப்பா வேலையிலிருந்து நின்று, கரடியூரில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டோம். எனக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. அந்த மாதம் பெரீம்மா மகன் லீவில் வந்தான். அம்மா அவனுக்குச் சோறு போடுகிறார், முகம் பார்த்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று போனேன். பயம் போன பிறகு வந்த தைரியத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது? ஆனாலும் போனேன்.

பெரீம்மா முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். மகள் அடுப்பிடம் இருந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரூல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். மேனேஜர் சொன்னது, நான் எழுதியது, டிக்கின்மேல் மவுஸை வைத்துவிட்டு எடுத்தது, களத்தில் சொன்ன 'வரலைங்க'. உங்கள் மகன் மூன்று முறை எழுதியது நிஜம் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுதானா என்று தெரியவில்லை, நான் பார்க்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். முறத்தால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓலை படிச்ச மூணு ஞாயித்துக்கெழமையும் நீ கோயில்லதான கண்ணு இருந்த?"

"இருந்தேனுங்க பெரீம்மா."

"சாமியாரு கேட்டாரில்ல?"

கேட்டார். மூன்று முறை கேட்டார்.